வீட்டுக்குப் போன வயர்லெஸ் கோப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், தில்லியில் படைகளுக்குக் கருவிகள் வாங்கும் ஓர் அலுவலகத்தில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். சிப்பாய் முதுகில் சுமந்து செல்லும் வயர்லெஸ் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்குவதுதான் அப்போது எங்கள் பிரிவின் பெரிய வேலை. அதில் பேசினால் பேச்சு வெறும் இரைச்சலாக மாறிவிடும். நம்முடைய இன்னொரு கருவி மட்டுமே அதைத் திரும்பப் பேச்சாக்கும். நடுவில் ஒட்டுக் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

என் அதிகாரி திருநெல்வேலிக்காரர். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்தார். மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார், பிள்ளைகள் இல்லை. பகலில் கவனித்துக்கொள்ள வரும் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள் என்பதால் ஐந்தரைக்கே அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

மலையில் கருவியைச் சோதித்துப் பார்த்த அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். கடுங்குளிரில் கருவியின் பேச்சை இரைச்சலாக்கும் பெட்டி அடிக்கடி நின்றுபோனது, சிப்பாய்கள் அதை அணைத்துவிட்டு வெளிப்படையாகவே பேசினார்கள் என்று அதில் இருந்தது. அவசரத்தில் பத்தி எண்ணில் ஏழு என்பதை விட்டுவிட்டு ஆறுக்குப் பிறகு எட்டு என்று அடித்திருந்தேன். அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார். திருத்த நேரமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் கோப்பைத் தன் ரெக்ஸின் பையில் வைத்தார்.

"ஏம்மா, அவ வீட்ல ஒத்தையா கெடக்கா. இத அங்க வச்சுப் பாத்துட்டுத் திங்கக்கிழம கொண்டாந்துருதேன். ரிஜிஸ்டர்ல ஒண்ணும் போடாத."

ரகசிய முத்திரையிட்ட கோப்பு கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இருவருக்கும் அது தெரியும். "சரி சார்" என்றேன். திங்கட்கிழமை காலை கோப்பு அலமாரிக்குத் திரும்பியது.

மூன்று வாரம் கழித்து, அந்தக் கருவியை விற்கும் நிறுவனத்தின் தில்லி ஏஜெண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அறிக்கையில் இருந்த ஒவ்வொரு குறைக்கும் அதில் பதில் இருந்தது. அறிக்கையை நாங்கள் அவர்களுக்குக் காட்டவே இல்லை. பதில்களின் எண் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவியிருந்தது. நான் அடித்த அதே தாளைப் பார்த்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

விசாரணை தொடங்கியது. இரண்டு நாள் என்னை ஒன்றும் கேட்காமல் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். விசாரித்தவர் நரைத்த மீசைக்காரர். என்னை 'பேட்டி' என்று மகளை அழைப்பதுபோல் அழைத்தார்.

"உன் அப்பா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். கோல் மார்க்கெட்டில் நீங்கள் குடியிருக்கும் அரசாங்க குவார்ட்டர்ஸை உன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறீர்கள். அச்சா. இப்போது சொல், கோப்பு எப்போதாவது வெளியே போனதா?" என்று இந்தியில் கேட்டார்.

நான் போனது என்றேன். எந்த நாள் என்றும் சொன்னேன். என்னைக் கேட்பதற்கு முன்பே அதிகாரியைக் கேட்டிருந்தார்கள் என்பதும், அவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலையே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். இரண்டு காவலர்களோடு தன் அறைக்கு வந்து கண்ணாடிக் கூட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கொள்முதல் ரத்தானது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலையில் சோதனை நடத்திய வேலூர்க்கார சுபேதார் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பிரிவுக்கு வந்தார்.

"அப்ப இந்த வருசமும் பழைய செட்டுதானாம்மா?"

"ஆமாங்க."

"நாங்க பேசறத எதிர்ல இருக்கறவன் கேட்டுக்கினே இருக்கான். எங்க நிக்கறோம், எப்ப கெளம்பறோம், எல்லாம் தெரியுது அவனுக்கு. போன மாசம் ரெண்டு பசங்க போயிட்டாங்க." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகு உண்மை தெரிந்தது. எங்கள் மாடியிலேயே நகலெடுக்கும் இயந்திரத்தைக் கவனித்துவந்தவன் வேறொரு வழக்கில் பிடிபட்டு, எங்கள் அறிக்கையையும் அந்த ஏஜெண்டுக்குத் தானே கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். அதிகாரிக்குக் கடுமையான எச்சரிக்கை மட்டும் கொடுத்து மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள். அதற்குள் அவர் மனைவி இறந்திருந்தார்.

அவர் வந்த அன்று கதவருகே போய் நின்றேன். மிகவும் மெலிந்திருந்தார்.

"சார், கோப்பு வீட்டுக்குப் போனதச் சொன்னது நான்தான்."

"தெரியும்மா. நான் பொய் சொன்னேன், நீ உண்மையச் சொன்ன. இதுல உன்னயக் குத்தம் சொல்ல என்ன இருக்கு?"

"மாமி..."

"வேண்டாம். அவளப் பத்திப் பேச வேண்டாம்." காகிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்தேன்.

அந்த வாரமே தனக்கு வேறு ஸ்டெனோ வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். காரணம் எதுவும் எழுதவில்லை. என்னைக் கூடாரத் துணி வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில் கீழே அவருக்குத் தேநீர் விருந்து கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.