முக்கால் மணி நேரத் தூக்கம்

எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒரு நாள் சுவரொட்டி ஒன்று முளைத்தது. மலை உச்சியில் ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் சூரியன். ‘சூரியனுக்கு முன் எழு, உலகை வெல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் தேதியிலிருந்து ‘விடியல் வட்டம்’ தொடங்குகிறதாம். காலை ஐந்தரை மணி, இரண்டாம் மாடிக் கூட்ட அறை. சுய வளர்ச்சியில் ஆர்வமுள்ள ஊழியர்கள் எல்லாரும் வரலாமாம்.

அதை முதலில் படித்தவள் துப்புரவு வேலை பார்க்கும் முக்கால்தான். மணி அப்போது ஐந்து பத்து. லிஃப்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியும் கையுமாக என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க வாங்க. சூரியனுக்கு முன்னாடி எழுந்தா உலகத்தையே ஜெயிச்சிடலாமாம்.”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“பதினோரு வருஷமா எழுந்துக்கிறேன். இந்நேரம் இந்த லிஃப்டாவது என் பேர்ல இருக்க வேணாமா?”

நான் அந்தக் கட்டடத்தின் இரவுக் காவலாளி. காலை ஏழு மணிக்கு என் ஷிப்ட் முடியும். வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கிறது. அதில் அவள் தினமும் எழுதுவது 4.45. ஐந்து மணி வேலைக்குக் கால் மணி முன்னதாக வந்துவிடுவாள். ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை. நாலேமுக்கால் அக்கா என்று பகல் காவலாளி ஆரம்பித்து வைத்தது, தேய்ந்து தேய்ந்து முக்கால் என்று நின்றுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

சீக்கிரம் எழுவதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். விடிவதற்கு முன்னால் ஊரில் யார் நடமாடுகிறார்கள் என்று என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பேப்பர் போடுகிறவர், குப்பை லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறப் போகும் நர்ஸ். இவர்களில் ஒருவராவது உலகத்தை வென்றதாக எனக்குத் தகவல் இல்லை. எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம்தான் மிச்சம்.

முக்கால் மூன்று இருபதுக்கு எழுவாள். மூன்று நாற்பதுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் நாலேமுக்காலுக்கு என் மேஜை. முதல் பேருந்து அவள் தெருவுக்கு வருவதே ஐந்தேகாலுக்கு. அதனால் நடை. மழையிலும் நடை, முட்டி வீங்கினாலும் நடை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அவள் படுக்கப் பத்தரை ஆகிவிடும். மீதியை நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அவளும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சைக்கிளில் வந்தால் இருபது நிமிடம். அப்படியானால் நாலு ஐந்து வரை தூங்கலாம். முக்கால் மணி நேரம் கூடுதல் தூக்கம். அவள் வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு மூன்று ஆண்பிள்ளைகள் காரணம். பத்து வயதில் கேட்டபோது அப்பா, “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி சைக்கிள்?” என்றார். கல்யாணமாகிக் கேட்டபோது புருஷன், “எதுக்கு? நான் கொண்டுவந்து விடமாட்டேனா?” என்றான். நாலு நாள் விட்டான். போன வருடம், ஐம்பது வயதில் கேட்டபோது மகன், “விழுந்து கைய கால ஒடிச்சுக்கிட்டா யாரும்மா பாக்குறது?” என்றான். நான்காவது ஆண்பிள்ளை நான். “இந்த வயசுல இது தேவையாம்மா?” என்று நானும் கேட்டேன். அதை மறைத்துச் சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

அடித்தள வாகன நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் இரண்டு வருடமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. வேலையை விட்டுப் போன யாரோ விட்டுவிட்டுப் போனது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. தூக்கிப் போடு என்று நிர்வாகத்தில் என்னிடம் சொன்னார்கள். முக்கால் அதற்குள் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“எங்கிட்ட தூக்கிப் போடுங்க.”

அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவளுடைய அரைமணி இடைவேளையில் அடித்தளத்தில் பயிற்சி. எட்டு மணிக்குமேல்தான் வண்டிகள் வரும் என்பதால் அந்த நேரத்தில் முழு மைதானமும் அவளுடையது. கோப்பு கட்டும் ரப்பர் பேண்டை எடுத்துச் சீருடைக் கால்சட்டையின் நுனியில் மாட்டிக்கொள்வாள். நான் பின்னால் சீட்டைப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்கண்ணே. நீங்க ஏழு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் யாரு பிடிக்கிறது?”

பத்து நாளில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். முழங்கை சிராய்ந்தது, முட்டி சிராய்ந்தது, ஒரு நாள் தூணில் மோதி நெற்றி புடைத்தது. விடவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு காலை, மூன்று தூண்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வந்து நின்றாள். நின்றாள் என்றால் பிரேக் பிடித்து அல்ல. நான்காவது தூணைக் கட்டிப்பிடித்து நின்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிரேக்கும் பழகினாள். ஆனால் அதற்குப் பிறகுதான் வம்பு தெரிந்தது. ஆரம்பித்த நாளிலிருந்து தூண்களை ஒரே பக்கமாகச் சுற்றியே பழகியதால் அவளுக்கு இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வந்தது. வலது பக்கம் திருப்பினால் உடம்பு பயந்து விறைத்துக்கொள்ளும், சைக்கிள் சாயும். அடித்தளத்தின் சாய்தளம் ஏறினால் வெளியே போக வலது பக்கம்தான் திரும்ப வேண்டும். அவள் வீட்டு வழியில் வேறு இன்னும் நாலு வலது திருப்பம் இருந்தது.

“அங்கங்க இறங்கி தள்ளிக்கிட்டு போயேம்மா” என்றேன்.

“தள்ளிக்கிட்டு போறதுக்கு எதுக்குண்ணே சைக்கிள்? அதுக்கு நடந்தே போயிடலாமே.”

சுவரொட்டி ஒட்டியது இந்தச் சமயத்தில்தான். இரண்டு நாள் கழித்துத் துப்புரவுப் பணியின் சூப்பர்வைசர் வந்தார். விறைப்பான மனிதர் ஒன்றும் இல்லை, மேலிடத்தைக் கண்டால் குழைகிறவர். முக்காலை என் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

“ஒண்ணாம் தேதிலேருந்து அஞ்சரைக்கு ஸ்டாஃப் எல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள ரெண்டாவது மாடி முழுக்க பளிச்சுன்னு இருக்கணும். நீங்க நாலு மணிக்கே வேலைய ஆரம்பிச்சிடுங்க.”

முக்கால் விரலை மடக்கி எண்ணினாள். “அப்போ நான் ரெண்டு இருபதுக்கு எழுந்துக்கணும்.”

“அவங்கல்லாம் எழுந்துக்கலையா?”

“அவங்க எழுந்துக்கிறது அவங்க ஆசை. என் வேலைப் பேப்பர்ல அஞ்சு மணின்னு இருக்கு. நான் அஞ்சு மணிக்குத்தான் துடைப்பத்தைத் தொடுவேன்.”

“வேற ஆளப் போட வேண்டி வரும்.”

“போடுங்க. ரெண்டு இருபதுக்கு எழுந்துக்கிற ஆளு கிடைச்சா எனக்கும் காட்டுங்க, ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். அவர் போனதும் அவள் பொத்தென்று என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அது பயம் இல்லை, ஆத்திரம்.

“அண்ணே, அஞ்சரைக்கே வண்டியெல்லாம் வந்துட்டா கீழ ஓட்ட இடம் இருக்காதுல்ல?”

இருக்காதுதான். முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேலை போனாலும் போகட்டும், அதற்குள் வலது பக்கம் திரும்பியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தூண்களை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். விழுந்தாள். எழுந்து தூணைக் கேவலமாகத் திட்டினாள், மறுபடி சுற்றினாள். பதினோராம் நாள் பெரிய வட்டமாக, மெதுவாக, வலது பக்கம் வந்தது. சாய்தளத்தை மட்டும் அவள் தொடவில்லை. ஏறிக்கொண்டே திரும்புவது வேறு விஷயம் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் தேதி. வழக்கம்போல 4.45 எழுதினாள். ஐந்து மணிக்கு இரண்டாம் மாடியில் வேலையை ஆரம்பித்தாள். ஐந்தரைக்கு முப்பத்திரண்டு பேர் ஈரத் தலையும் தூங்கிய கண்ணுமாக வந்து சேர்ந்தபோது கூட்ட அறையில் பாதித் தரைதான் துடைத்திருந்தது. நான் மைக்குக்கு பேட்டரி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். இந்த வட்டத்துக்கு ஏற்பாடு செய்த மனிதவளத் துறை மேடத்தின் முகம் சுருங்கியது. சூப்பர்வைசர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

வகுப்பு நடத்த வந்திருந்த பயிற்சியாளர் கெட்டிக்காரர். நிலைமையைச் சமாளிக்க முக்காலைக் கைகாட்டி, “பாருங்க! நமக்கெல்லாம் முன்னாடி எழுந்து வந்தவங்க. ஒரு கைதட்டு கொடுங்க!” என்றார். கைதட்டினார்கள். மாப்பைப் பிடித்திருந்த அவள் கைக்குள் மைக்கைத் திணித்தார்.

“அம்மா, சீக்கிரம் எழுந்ததுனால உங்க வாழ்க்கையில என்ன மாறிச்சு? உங்க லட்சியம் என்ன? கூச்சப்படாம சொல்லுங்க.”

அவள் கூச்சப்படவில்லை.

“மூணு இருபதுக்கு எழுந்துக்கிறேன் சார். ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்து வர்றேன். மாறினது என் முட்டிதான். லட்சியம்னு கேட்டீங்கன்னா, நாலு அஞ்சு வரைக்கும் தூங்கணும்.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க எழுந்து வர்றது நல்ல விஷயம். வாங்க. ஆனா நீங்க முன்னேற என்னை ரெண்டு இருபதுக்கு எழுப்பப் பாக்குறாங்க. நான் எழுந்துக்க மாட்டேன். இந்த ரூம் அஞ்சரைக்கு இப்படித்தான் இருக்கும்.”

“எல்லாம் மனசுதாம்மா, மனசு நினைச்சா...” என்று பயிற்சியாளர் ஆரம்பித்தார்.

“மனசு எழுந்துடும் சார். உடம்புதான் ஏன்னு கேக்குது.”

மேடம் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து, “ரெண்டு இருபதா?” என்றார். அவர் தரையைப் பார்த்தார். முக்கால் மைக்கை மேஜையில் வைத்தாள். மீதித் தரையையும் துடைத்து முடித்தாள். அதுவரை முப்பத்திரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்ததும், “ஈரம் காயல, பாத்து நடங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அடித்தளம் நிறைந்திருந்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்த தூண்களுக்கு இடையில் எல்லாம் கார். மிஞ்சியது நடுவில் நேராகச் சாய்தளத்துக்குப் போகும் ஒரு பாதை மட்டும்தான். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள்.

“சுத்த இடம் கொடுக்கல. சரி, வெளியவே போறேன்” என்றாள். ரப்பர் பேண்டை மாட்டினாள்.

மிதித்தாள். சாய்தளத்தில் பாதியில் சைக்கிள் தள்ளாடியது. எழுந்து நின்று மிதித்தாள். அவள் எழுந்து நின்று மிதித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் படிக்கட்டில் ஏறி, தடுப்புக் கம்பைத் தூக்க விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். மேலே வந்ததும் வலது பக்கம் திரும்பினாள். ரொம்ப அகலமான திருப்பம். பூந்தொட்டி ஒன்று உருண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் போடுகிறவர் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார். என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

ஆறு இருபத்தெட்டுக்குத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்தப் பூந்தொட்டியை நிமிர்த்தி வைத்து மண்ணைக் கூட்டினாள். மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்து சைக்கிளிலேயே வீட்டுக்குப் போனாள் என்று பகல் காவலாளி சொன்னான்.

விடியல் வட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்றாவது வாரம் ஏழு பேர் வந்தார்கள். பிறகு அதை எட்டரைக்கு மாற்றினார்கள். சூரியன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த முதல் தேதிக்கு மறுநாள் காலையைப் பற்றி. மேடத்துக்கு முன்னால் தலைகுனிந்த ஆத்திரத்தில் மூன்றரைக்கே சூப்பர்வைசர் என் மேஜைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாலு ஆனது. நாலரை ஆனது. “வரட்டும், இன்னைக்கு இருக்கு” என்றார். நாலேமுக்காலுக்கு வாசலில் மணிச் சத்தம். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பேனாவை எடுத்து 4.45 என்று எழுதினாள்.

“நாலு மணிக்கு வரச் சொன்னேன்ல? தாமதம்னு எழுதும்மா.”

“அஞ்சு மணிக்கு இன்னும் கால் மணி இருக்கு. தாமதம்னா நீங்களே எழுதுங்க.”

அவர் எழுதினார். நான் பதிவேட்டை என் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே ‘வேலை நேரம் ஐந்து. வந்தது நாலேமுக்கால். நான் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருட வேலையில் யாரையும் கேட்காமல் நான் அதில் எழுதிய முதல் வரி அது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போனார்.

“எத்தனை மணிக்கும்மா எழுந்தே?” என்று கேட்டேன்.

“நாலு அஞ்சு” என்றாள்.

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். எப்போதும் அந்த நீள நடையில் காற்று பட்டுப் பட்டு அவள் முகம் கல் மாதிரி இறுகிப்போய்த்தான் என் மேஜைக்கு வரும். அன்று அவள் கன்னத்தில் தலையணையின் மடிப்பு இன்னும் அழியாமல் இருந்தது.