நாலு துண்டாய்ப் போன செம்பருத்தி

தெபாயேருவின் முதல் போர்வை என்று மங்காயா தீவில் யாரிடம் சொன்னாலும் போதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஒருத்தியாவது இன்றைக்கும் இருப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்கிறவளுக்கு என்ன தெரியும்?

பெரிய வண்ணத் துணியை மடித்து, பூவும் இலையுமாக வெட்டி, வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைக்கிற போர்வையைத்தான் எங்கள் தீவில் திவைவை என்போம். பையனுக்கு முதல் முடி வெட்டும் நாளில் அதுதான் சீர். கல்யாணத்துக்கும் அதுதான். கடைசியில் கண் மூடினால் உடம்போடு கூடப் போவதும் அதுதான். ஒரு வீட்டுப் பெண்ணின் கைத்திறனை அவள் பெட்டியைத் திறந்து பார்த்தே ஊர் எடை போட்டுவிடும். தைப்பது யார் வேண்டுமானாலும் தைக்கலாம். வெட்டுவது அப்படியில்லை. அதற்கென்று ஊருக்கு ஒருத்தி இருப்பாள். எங்கள் ஊர் ஒனெரோவாவில் அந்த ஒருத்தி வாயேரு. கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம்.

தெபாயேரு தீவின் மறுபக்கம் இவிருவாவிலிருந்து இயோனாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவளுக்கு ஒரு போர்வை ஆசை வந்தது. சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு வாயேரு வீட்டுக்குப் போனாள். ஒரு தரமா இரண்டு தரமா! போகும்போதெல்லாம் வாயேருவுக்கு ஒரு வேலை வந்துவிடும். ஒரு நாள் கோயில் கூட்டம், ஒரு நாள் சேம்பு வயல், ஒரு நாள் இடுப்பு வலி. கடைசியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"இவிருவாவுலேர்ந்து வந்தவளுக்கு என்னடி அவ்வளவு அவசரம்? உங்க ஊர்ல பாய்லதானே படுக்குறீங்க?"

தெபாயேருவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். துணியைத் தரையில் விரித்து, மடித்து, மறுபடி மடித்து, கரித்துண்டால் செம்பருத்தி வரைந்து, கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நன்றாகத்தான் வரைந்தாள். ஆனால் ஒன்றை மறந்தாள். பூவின் நடு, மடிப்பு சேருகிற மூலையில் வர வேண்டும். அவள் துணி பிரிந்து கிடக்கிற மூலையில் வைத்துவிட்டாள். வெட்டி முடித்துப் பெருமையாக உதறினாள். ஒரே செடியாக விரிய வேண்டிய செம்பருத்தி நாலு துண்டாகத் தரையில் விழுந்தது.

அழுதாளா என்றால், அழுதாள். கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு இயோனாவின் தட்டில் விழுந்தது. அந்த மனுஷன் பாவம், சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான்.

"ஒட்டுப் போட முடியாதா?"

"போட்டா ஊரே சிரிக்கும்."

"போடலன்னா மட்டும் சிரிக்காம இருக்கப் போறாங்களா?"

அதுவும் வாஸ்தவம்தான். ஆகவே ஒட்டுப் போட்டாள். நாலு துண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை மறைக்க, மிச்சத் துணியில் எந்தச் செடியிலும் இல்லாத ஒரு கொடியை வெட்டிக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினாள். ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துத் தைத்ததைப் பாதி தையல் போன பிறகுதான் பார்த்தாள். பிரிக்கப் பொறுமையில்லை. இதெல்லாம் போதாதென்று, ஒரு நாள் மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பில் ஏதோ தீயும் வாசனைக்கு எழுந்தபோது போர்வையும் கூடவே எழுந்து வந்தது. தன் பாவாடையையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள்! பாவாடையைச் சுற்றி வெட்டி எடுத்தாள். அந்த மஞ்சள் துண்டு போர்வையின் அடிப்பக்கம் அப்படியே தங்கிவிட்டது. கடைசியில் சிவப்புத் துணியைச் சாயம் போக ஊறவைக்காமலே தைத்த குற்றத்துக்கு, முதல் துவையலிலேயே வெள்ளைத் துணி முழுக்க இளஞ்சிவப்பாகிப் போனது.

தைக்கும் பெண்கள் கூடும் நாளில் தைரியமாக எடுத்துக்கொண்டு போய் விரித்தாள். வாயேரு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"செம்பருத்தியா இது? கோழி கிண்டிப் போட்ட செம்பருத்தியா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தெபாயேருவும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? அடுத்த மாதம் வாயேருவே அவள் வீட்டுக்கு வந்து ஊதாத் துணி ஒன்றை வெட்டிக் கொடுத்து, எப்படி மடிக்க வேண்டும் என்று திட்டிக்கொண்டே காட்டினாள். அன்றிலிருந்து இருவரும் பிரியவில்லை. சண்டை போடாத நாளும் இல்லை.

அதற்குப் பிறகு தெபாயேரு எத்தனையோ தைத்தாள். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். முடி வெட்டுக்கும் கல்யாணத்துக்கும் கொடுத்தாள். இயோனா போனபோது அந்த ஊதாப் போர்வையை அவனுக்குப் போர்த்தி வீட்டு வாசலிலேயே படுக்க வைத்தாள். நல்ல போர்வைகளுக்கெல்லாம் ஒரே விதிதான். பெட்டியில் இருக்கும், ஒரு நாள் வெளியே வரும், அடுத்தவர் கைக்குப் போகும். யாருக்கும் கொடுக்க லாயக்கில்லாத முதல் போர்வை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில்தான் அவள் மகள் அகாயிதி வளர்ந்தாள்.

பிறந்த அன்று அவளைச் சுற்றியது அதில்தான். காய்ச்சல் வந்தால் அதுதான் வேண்டும். மழை பெய்தால் அதற்குள் புகுந்துகொண்டு, கண்ணை மூடியபடி விரலால் தடவியே மஞ்சள் துண்டைக் கண்டுபிடிப்பாள். "அம்மா பாவாடை! அம்மா பாவாடை!" என்று கத்துவாள். தலைகீழ்ப் பூவுக்குக் குடிகாரப் பூ என்று பேர் வைத்ததும் அவள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் லட்சணத்தைக் காட்டி மானத்தை வாங்குவாள். தெபாயேரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அகாயிதி பெரியவளாகி ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனாள். கடலே கண்ணில் படாத ஏதோ சுரங்க ஊர். அங்கே டேரன் என்று ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன், வாயில்லாப் பூச்சி. இரண்டு பிள்ளைகள். ஒரு தரம் குடும்பத்தோடு வந்தார்கள். கிளம்பும் அன்று தெபாயேரு அந்தப் போர்வையை மடித்து நீட்டினாள்.

"இந்தா, எடுத்துட்டுப் போயேன்."

"வேண்டாம்மா. இங்கயே இருக்கட்டும். நான் வந்தா போத்திக்க ஒண்ணு வேணும்ல."

அவள் வரவில்லை. போன ஜூலையில் ஒரு காலைப்பொழுது, பிள்ளைகளுக்கு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சமையலறையில் சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இருக்கிற ஊரிலேயே அவளும் இருக்கட்டும் என்று டேரன் கேட்டான். அழுதுகொண்டே கேட்டான். தெபாயேருவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

போகவும் முடியவில்லை. சர்க்கரையில் கால் புண்ணாகி அழுகத் தொடங்கியிருந்தது. விமானம் ஏறினால் உயிரோடு இறங்கமாட்டாய் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இறங்கலன்னா போகுது" என்றாள் தெபாயேரு. ஆனால் அவரோ விமானம் ஏறலாம் என்ற சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெற்றவள் இங்கே, பெண் அங்கே. குளிப்பாட்ட முடியாது, தலை வார முடியாது, முகத்தைப் பார்க்க முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தன் கையால் தைத்ததைப் போர்த்தி அனுப்புவது. அதாவது நடந்தே ஆக வேண்டும் என்று தெபாயேரு பிடிவாதமாக இருந்தாள்.

வாயேரு தலைமையில் பெண்கள் வந்து பெட்டியைத் திறந்தார்கள். பச்சையும் பொன்னுமாக இருந்த மிக நல்லதை எடுத்து விரித்தார்கள். தெபாயேரு அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ப் பழசைக் கொண்டுவந்தாள்.

வாயேருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அந்தக் கந்தலையா? அங்க வெள்ளைக்காரங்க எல்லாம் பார்ப்பாங்கடி. நம்ம மானமே போயிடும்."

"பார்த்துட்டுப் போறாங்க."

"பெத்த பொண்ணு கடைசியாப் போகும்போது கூடவா கோழி கிண்டினது?"

"அக்கா, இந்தப் பச்சை அவளுக்கு யாருன்னே தெரியாது. அவ தொட்டதே இல்ல. இருட்டுல தடவிப் பார்த்தா இதுதான் அவளுக்குத் தெரியும்."

வாயேரு பாவாடை ஓரத்தாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு, பிரிந்து கிடந்த ஓரத்தை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

டேரனுக்குத் தெபாயேருவே போன் போட்டாள். அவன் பாஷை இவளுக்கு அரைகுறை. அரைகுறையாக இல்லாமல் சரளமாக இருந்திருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பாள். எங்கள் தீவில் யாரும் குழி என்று சொல்லமாட்டார்கள். வாசலில்தான் புதைக்கிறோம், அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறோம். பேச்சு வந்தால் தூங்குகிற இடம் என்போம். மங்காயாவில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் அது விளங்கும். பெற்ற பெண்ணுக்குக் குழி என்று எந்தத் தாய்க்கு நாக்கு வரும்?

"டேரா, போர்வை ஒண்ணு வருதுப்பா. அகாயிதியோடது. அவ தூங்குற இடத்துல, அவ கூடவே இருக்கணும். வேற யாருக்கும் குடுத்துடாத."

"கண்டிப்பா அத்தை. அவ கூடவே இருக்கும். சத்தியமா."

சின்ன விமானத்தின் பைலட் கையில் பொட்டலத்தைக் கொடுத்து, ராரோதொங்கா தீவில் பெரிய விமானத்துக்கு மாற்றச் சொல்லி அனுப்பினாள். வழியில் எங்கே சிக்கிக்கொள்ளுமோ என்று சோறு தண்ணீர் இறங்கவில்லை. அடக்கத்துக்கு முந்தின நாள் டேரனிடமிருந்து போன் வந்தது. "வந்துடுச்சு அத்தை. பத்திரமா வந்துடுச்சு."

அடக்கம் நடக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் இயோனாவின் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்தாள். புண்பட்ட காலை நீட்டிக்கொண்டு, மகளைச் சுற்றி விளிம்பைச் செருகிவிடுகிறவள் போலக் காற்றில் கையை ஓட்டிக்கொண்டே இருந்தாள். பெண்கள் பாடினார்கள். பாட்டு முடிந்ததும், அத்தனை நாளில் முதல் தடவையாக, கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

"போத்திட்டாங்கக்கா" என்றாள் வாயேருவிடம். "இனிமே எனக்கு ஒண்ணுமில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் டேரன் முகம் பார்த்துப் பேசும் போனில் வந்தான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். வாயேருவும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, உங்க கிட்ட ஒண்ணு காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே போனைத் திருப்பினான். ஜன்னல் ஓரம் ஒரு கட்டில். கட்டில்மேல் சுருக்கமில்லாமல் விரித்த சிவப்புச் செம்பருத்தி. குறுக்கே ஓடும் கொடி. தலைகீழ்ப் பூ.

"நீங்க சொன்ன மாதிரியே அவ தூங்குற இடத்துலயே விரிச்சிட்டேன். வந்தவங்க எல்லாம் இவ்வளவு அழகா ஒண்ணைப் பார்த்ததே இல்லன்னாங்க. யாருக்கும் குடுக்க மாட்டேன். நானும் பசங்களும் அதுக்குள்ளதான் படுத்துக்கறோம் அத்தை. அது இல்லன்னா எங்களுக்குக் கண்ணே மூடல."

வாயேருவுக்கு முதலில் புரிந்தது. "அடப்பாவி! டேய், அதை..." என்று வாயைத் திறந்தவளின் கையைத் தெபாயேரு இறுக்கிப் பிடித்தாள். எலும்பு நொறுங்கும் பிடி.

"நான் சரியாப் பண்ணிட்டேனா அத்தை?"

"சரியாப் பண்ணிட்டப்பா" என்றாள் தெபாயேரு. "பசங்களுக்கு நல்லா இழுத்துப் போத்தி விடு. காலு வெளிய வந்துடும்."

போன் அணைந்தது. வாயேரு கையை உதறிக்கொண்டு கத்தினாள். "ஏண்டி, சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லி? தோண்டுன்னு சொல்லவா? அந்தப் பையன் நான் சொன்னதைத்தானே செஞ்சான். இதைச் சொன்னா அவன் அதுக்கப்புறம் எப்படித் தூங்குவான்?"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தன் மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"வெறும் பலகையில கெடக்குறாக்கா. எம்புள்ள வெறும் பலகையில கெடக்குறா."