ஸ்பிட்ஃபயருக்கு நான் கடைந்து கொடுத்த கால்

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாடல் போர் விமானத்தை யாராவது ஆசையாகக் கொண்டுவந்து காட்டினால், என் கண் நேராகக் குறைக்குத்தான் போகும். புகைக்குழாய் தடி, துப்பாக்கி குட்டை, சக்கரம் பெரிசு. வாயை மூடிக்கொண்டிருக்கவும் வராது. "இதெல்லாம் ஒரு ஸ்பிட்ஃபயரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் எனக்கு இரும்புப் பாகம் கடைகிற டூல் ரூம் வேலை. ஜோகுபாளையம் வீட்டின் பின்கட்டில் சொந்தமாகச் சின்ன லேத் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் மாடல் கிட்டோடு வருகிற பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நிஜ விமானத்தின் படத்தைப் பார்த்து, அளவைச் சுருக்கி, அசல் மாதிரியே கடைந்து கொடுப்பேன். அதில் எனக்குத் தலைகால் தெரியாத கர்வம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எனக்கொரு நண்பன். ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், முப்பது வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் காரில் விமானத்தைப் போட்டுக்கொண்டு ஓசூர் ரோடு தாண்டி ஒரு பொட்டல் மைதானத்துக்குப் போவோம். அவன் விமானத்தை இறக்கினால் தரைக்கே தெரியாது. அப்படி ஒரு கை. கொஞ்ச நாளாக டம்ளரைத் தூக்கும்போது மட்டும் லேசாக நடுங்கியது. வயசுதான், வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு மனசு ஆறவில்லை. "ரிமோட்டப் பிடிச்சா ஆடலடா, அது போதும்," என்று அடிக்கடி சொல்வான்.

அவனுடைய ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால்கள் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. இறக்கையோடு சேரும் இடத்தில் ஆறு மில்லி ஸ்டீல் கம்பி. படத்தில் அந்தக் கழுத்து எவ்வளவு ஒல்லி! கணக்குப்படி நாலு மில்லிதான் வரவேண்டும். நாலிலேயே கடைந்தேன். ஸ்டீலில் செய்திருந்தாலாவது தாங்கியிருக்குமோ என்னவோ. பளபளப்புக்காக அலுமினியத்தில் செய்தேன். வேலையே அதுதான் எனக்கு, எது தாங்கும் எது தாங்காது என்று தெரியாதவன் இல்லை.

"தாங்குமாடா?" என்று அவன் கேட்டான்.

"யாரு செஞ்சதுன்னு பார்த்துக் கேளு மச்சான்," என்றேன்.

மைதானத்தில் எல்லோரும் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்கள். "சக்கத் குரு!" என்று ஒருவர் கன்னடத்தில் மெச்சி என் முதுகில் தட்டினார். எனக்கும் அதேபோல் வேண்டும் என்று இன்னும் இரண்டு பேர் அங்கேயே சொல்லிவைத்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

விமானம் அழகாகப் பறந்து, எப்போதும்போல் மெத்தென்று இறங்கியது. பத்தடி ஓடியதும் வலது கால் மடங்கிற்று. இறக்கை மண்ணில் குத்தி, இரண்டு புரளல் புரண்டு, நொறுங்கிப்போனது. முதலில் ஓடியவன் நான்தான். உடைந்த காலை எடுத்துப் பார்த்தேன். நாலு மில்லிக் கழுத்தில் வெட்டிவைத்ததுபோல் உடைந்திருந்தது. ஒருவரும் பார்ப்பதற்குள் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பினால், அவன் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "கை ஆடிடுச்சுடா."

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதில்ல, விடு." என் வாயில் புழு விழ.

அதோடு அவன் மைதானத்துக்கு வருவதை விட்டான். ஸ்கூட்டர் ஓட்டுவதையும் விட்டான். அந்த மாதம்தான் அவன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முதல் பேத்தி. அவன் தொட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

ஞானஸ்நானத்தன்று போட்டோ எடுக்க வந்தவர், "தாத்தா கைல குடுங்கம்மா," என்றார். அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். "வேணாம்மா. என் கைய நம்ப முடியாது. போட்டுடுவேன்." மகளுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "அப்ப நீங்க பிடிங்க அங்கிள்," என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு உட்கார்ந்து பிரியாணியும் தின்றேன். அந்தப் படத்தை அவர்கள் ஹாலில் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் குழந்தையை என்னிடம்தான் கொடுப்பார்கள். அவன் தள்ளி உட்கார்ந்து பார்ப்பான். எட்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த உடைந்த காலைக் கொண்டுபோய் அவன் முன்னால் டீப்பாய் மேல் வைத்தேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தன மில்லி?"

"நாலு."

"கிட்ல?"

"ஆறு. உன் கை ஆடலடா. நீ சரியாத்தான் இறக்கின. நான் கடைஞ்ச கால்தான் தாங்கல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவன் திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "வயசாகுதில்லன்னு சொன்னியேடா," என்றான். அவ்வளவுதான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு உள்ளே பார்த்து, "பாப்பாவ எடுத்துட்டு வாம்மா," என்று கூப்பிட்டான். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

குழந்தைக்கு ஆள் தெரிகிற வயசு, அவன் தூக்கிப் பழக்கமில்லை. அவனை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீல் என்று கத்திக்கொண்டு திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் தாவியது.

மகள் என்னைப் பார்த்தாள். அவன் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.