வளைவுக்குள் நின்றவள்

யதுஷாவுக்குப் பந்தை வளையத்துக்குள் போடத் தெரியாது. ஓட்டமும் அவ்வளவாக வராது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அவள் படித்த மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியில், பத்தாம் ஆண்டில் அவளைச் சேர்த்ததே பயிற்சிக்கு எதிர்ப்பக்கம் நிற்க ஆள் போதாமல் போனதால்தான். அகன்ற தோளும் கனத்த நடையுமாக இருந்த அவளுக்குப் பிள்ளைகள் ‘அலுமாரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் அக்காவின் படிப்பு, தம்பியின் இழுப்பு என்று பேச ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். யதுஷாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஒரு மாலைப் பயிற்சியில், அணியிலேயே வேகமான நிம்றா பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்ந்து வந்தாள். எந்தப் பக்கம் விலகுவதென்று தெரியாமல் யதுஷா அப்படியே நின்றாள். நிம்றா அவள் நெஞ்சில் வந்து மோத, இருவரும் தரையில் விழுந்தார்கள். தனக்குத்தான் ஏச்சு விழப்போகிறது என்று யதுஷா கண்ணை மூடிக்கொண்டாள். பயிற்சியாளர் ஹியூபேட் விசிலை ஊதிவிட்டு நிம்றாவைக் காட்டினார்.

“பவுல் உன்ட.”

“என்ட பவுலா சேர்? அவள்தானே குறுக்க நின்டாள்!”

“குறுக்க வரேல்ல. அவள் முதலே அங்க நிண்டவள். நிண்டவளை நீதான் போய் இடிச்சனீ.”

அன்று எல்லோரும் போன பிறகு ஹியூபேட் சேர் அவளை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இடிக்கிறவள் வரமுன்னமே காலை ஊன்றிவிட வேண்டும். கைகளை நெஞ்சோடு குறுக்காக அணைத்துக்கொள்ள வேண்டும். தலை தரையில் அடிபடாதபடி நாடியை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகால் விழ வேண்டும். கையைத் தரையில் ஊன்றவே கூடாது.

“இதுக்குப் பேர் சார்ஜ். இடிச்சவளுக்கு பவுல், பந்து நமக்கு. இதை எல்லாரும் செய்ய மாட்டாங்கள், மகள். பயந்துடுவாங்கள்.”

யதுஷாவுக்குப் பயம் வரவில்லை. நிற்பதுதானே வேலை, அது அவளால் முடிந்தது.

அடுத்த இரண்டு வருடங்கள் அவள் வளையத்துக்குக் கீழே நின்றாள். எதிரணியின் கெட்டிக்காரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவள்மேல் மோதினார்கள், பவுல் வாங்கினார்கள், ஐந்து சேர்ந்ததும் வெளியே போனார்கள். கொஞ்ச நாளில் நடுவழியால் வரவே தயங்கினார்கள். பாதியில் நின்று தூரத்திலிருந்து எறிந்தார்கள், எறிந்தது பெரும்பாலும் தவறியது. அணி நிறையப் புள்ளி எடுத்ததில்லை, ஆனால் மற்றவர்களையும் எடுக்க விடவில்லை. அவள் விழுந்து எழும்பும்போதெல்லாம் பார்த்திருக்கும் பிள்ளைகள் “அலுமாரி! அலுமாரி!” என்று கத்துவார்கள். முன்பு கேலியாக வந்த அதே சொல்தான். அவளுக்கு உடம்பெல்லாம் சூடாகும். முதுகிலும் இடுப்பிலும் கன்றிப்போன இடங்களை இரவில் தொட்டுப் பார்ப்பாள். வலிக்கும். அந்த வலியை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பயிற்சியில் அவளை இடிக்கிற வேலை நிம்றாவுக்கு. முடிந்ததும் அவள்தான் பையிலிருந்து சித்தாலேபை என்ற நோவுத் தைலத்தை எடுத்துத் தேய்த்தும் விடுவாள். “நாளைக்கும் ஒன்னத்தான் இடிக்கணும், ஒழுங்கா எழும்பி வா டீ” என்பாள். இருவரும் ஒன்றாகவே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து போவார்கள்.

பன்னிரண்டாம் ஆண்டில் விதி மாறியது. அந்த வருடம் முதல் பாடசாலைப் போட்டிகளும் சர்வதேச விதிப்படிதான் என்று கூடைப்பந்துச் சங்கம் அறிவித்தது. போட்டி நடக்கிற உள்ளரங்கின் தரையைப் புதிதாகத் தீட்டினார்கள். வளையத்துக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அரைவட்டம் வந்தது. அதற்குள் நிற்கிறவள்மேல் ஒருத்தி பாய்ந்து வந்து மோதினாலும் இனிமேல் சார்ஜ் இல்லை. நிற்கிறவள் கொஞ்சம் அசைந்தால் பவுல் அவளுக்கு. அசையாவிட்டால் ஒன்றுமே இல்லை, ஆட்டம் தொடரும்.

“பிள்ளைகளுக்கு அடிபடக் கூடாதெண்டு கொண்டு வந்திருக்கிறாங்கள்” என்றார் ஹியூபேட் சேர், அவளைப் பாராமல்.

வீட்டில் அம்மாவுக்குச் சந்தோசம். “நல்ல விசயம்தானே. இனியாவது உன்ர முதுகு தப்பட்டும்.”

யதுஷா கோட்டுக்கு வெளியே நிற்கப் பழகினாள். பயிற்சியில் சரியாக வரும். போட்டியில் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். முதல் போட்டியிலேயே ஒருத்தி நெஞ்சில் மோதி அவளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டாள். யதுஷா தரையில் கிடந்தபடி விசிலுக்காகக் காத்திருந்தாள். விசில் வரவில்லை. அவளைத் தாண்டி எல்லோரும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டார்கள். நடுவர் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில், “நங்கி, லைன் எக பலன்ன” என்று கோட்டைப் பார்க்கும்படி சிங்களத்தில் சொல்லிக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

ஆட்டமே வேறாகிவிட்டது. பயந்து வெளியில் நின்ற பிள்ளைகளெல்லாம் இப்போது நேரே வளையத்துக்கு வந்தார்கள். அவர்களைத் தடுக்க நிற்கிறவள் போதாது, நேராக எழும்பிக் கையை நீட்டுகிறவள் வேண்டும். ஹியூபேட் சேர் ஒன்பதாம் ஆண்டிலிருந்து கொக்குப் போல உயர்ந்த ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து யதுஷாவின் இடத்தில் விட்டார். நிம்றாவுக்கோ சிறகு முளைத்தது போலாயிற்று. ஒவ்வொரு போட்டியிலும் அவள் பெயர்தான் கேட்டது. தேசியக் குழாம் தெரிவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பயிற்சியில் இப்போது யதுஷாவை இடிக்கத் தேவையில்லை. சித்தாலேபைக்கும் தேவையில்லை.

“கவலையா டீ?” என்று ஒருநாள் நிம்றா கேட்டாள்.

“இல்லையே.”

நிம்றா அதை நம்பினாள், அல்லது நம்ப விரும்பினாள்.

காலிறுதி, வெள்ளவத்தைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு. கடைசிக் கால்பகுதியில் உயரமான பிள்ளை ஐந்தாவது பவுலோடு வெளியே வந்தாள். ஆட்டம் ஏற்கெனவே கைநழுவியிருந்தது. இனி எட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். ஹியூபேட் சேர் யதுஷாவை அழைத்தார்.

“வளைவுக்குள்ள நிக்காத, மகள். ஏலாட்டி விலகி விட்டுடு. ரெண்டு புள்ளிதானே, போகட்டும்.”

கொஞ்ச நேரத்தில், எதிரணியின் ரூபிகா என்ற பிள்ளை நிம்றாவின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியே வந்தாள். மெலிந்த பிள்ளை, நல்ல வேகம். யதுஷா மட்டும்தான் பின்னால் நின்றாள். ஓடிப்போய் வளையத்துக்குக் கீழே காலை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு அவள் கால்களுக்கு முன்னால் இருந்தது. விலக நேரமும் இருந்தது. யாரும் அவள் பெயரைக் கத்தவில்லை. அவள் கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ரூபிகா அப்போது காற்றில் இருந்தாள். மோதிய வேகத்தில் யதுஷா பழகியபடி முதுகால் விழுந்தாள், நாடியை உள்ளே இழுத்துக்கொண்டு, கையை ஊன்றாமல். ரூபிகாவுக்கு அப்படி விழத் தெரியாது. ஒற்றைக்காலில் கோணலாக இறங்கினாள். முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. அவள் போட்ட சத்தத்தில் அரங்கே அடங்கிப் போனது.

விசில் ஊதினார்கள். பவுலுக்காக அல்ல, ஆட்டத்தை நிறுத்துவதற்காக.

திரும்பி வருகிற வான் வண்டியில் ஹியூபேட் சேர் அவள் பக்கத்தில் வந்து இருந்தார். “உன்னில பிழையில்ல, மகள். நீ அசையேல்ல. நடுவரும் ஒண்டும் குடுக்கேல்லத்தானே.”

யதுஷா தலையை ஆட்டினாள். நிம்றா முன் இருக்கையில் இருந்தாள். வழி முழுக்க அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து யதுஷா யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிக்குடியிருப்பில் ரூபிகாவின் வீடு. கதவைத் திறந்த தாய், “கூடப் படிக்கிற பிள்ளையோ? வாங்கோ, உள்ள வாங்கோ” என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போய்விட்டார். ரூபிகா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். முழங்காலில் பெரிய கட்டு. ஜவ்வு அறுந்துவிட்டது, ஒப்பரேசன் செய்தாயிற்று என்றாள். இனி விளையாட முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

“நான் வரேக்க நீங்க கீழ பாத்தனீங்க” என்றாள் பிறகு. “கோட்டைத்தானே பாத்தனீங்க?”

“ஓம்.”

“உள்ளுக்குள்ள நிக்கிறது தெரியும்தானே?”

“ஓம்.”

“பிறகும் ஏன் நிண்டனீங்க? உங்களுக்கு பந்தும் கிடைக்காது. நீங்க தோத்துக்கொண்டுதானே இருந்தனீங்க?”

கடலிலிருந்து வந்த காற்றில் யன்னல் திரை உப்பி உப்பி விழுந்தது. யதுஷா என்னவெல்லாமோ யோசித்து வந்திருந்தாள்.

“எனக்கு அது மட்டும்தான் தெரியும்” என்றாள்.

ரூபிகா அழவில்லை, ஏசவும் இல்லை. “அம்மா,” என்று உள்ளே குரல் கொடுத்தாள், “அவ போகப் போறாவாம். தேத்தண்ணி வேண்டாமாம்.”

அதன்பின் யதுஷா அணிக்குப் போகவில்லை. யாரும் தேடி வரவுமில்லை. நிம்றா தேசிய அணிக்கு விளையாடினாள். ஆரம்பத்தில் அடிக்கடி செய்தி அனுப்பினாள், பிறகு பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும். உயர்தரம் முடித்த யதுஷாவுக்கு மருதானையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. கண் பரிசோதிக்க வருகிறவர்களை வரிசையில் இருத்துகிற வேலை. விளையாடினவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

போன வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து மருதானை ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் படியில் ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரு காலை இறக்கி, மற்றக் காலை அதே படியில் சேர்த்து, பிறகு அடுத்த படிக்கு இறங்கினாள். ரூபிகா. தோளில் கணினிப் பை. கீழே வெள்ளவத்தைப் பக்கம் போகும் ரயில் நின்றிருந்தது. பின்னால் வந்த சனம் அவளை உரசிக்கொண்டு ஓடியது. பிடிக்கலாமா என்று யதுஷா ஒரு கணம் கையை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். மேல் படியிலேயே நின்றுவிட்டாள்.

ரூபிகா கடைசிப் படிக்கு வருமுன்னமே ரயில் நகர்ந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் ஒரு வாங்கைத் தேடிப்போய் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யதுஷா வந்த வழியே திரும்பி, வெளியே வந்து, கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுத்தாள்.