பந்தைப் பிடித்திருந்த கை

போன வாரம் தங்கை மகன் ஒரு மீம் அனுப்பியிருந்தான். அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட் போட்ட ஆட்டக்காரர் ஓடிவந்து உதைக்கிறார். கால் பந்தில் படாமல் காற்றில் போகிறது, மல்லாக்க விழுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களுக்கு முன் அதே உடம்பில் ஃபிட்டர் அண்ணனின் தலையை ஒட்டியவன் நான்தான்.

சூலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். யார் அவசரப்பட்டாலும், "தண்ணி விழட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்பார். ஒருநாள் வெளியூர் வியாபாரிகளுக்குப் புதுப் பம்பை ஓட்டிக் காட்ட அவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓட்டுவதற்கு முன் பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அது என் வேலை. வந்தவர்களுக்கு டீ சொல்லப் போன பரபரப்பில் மறந்துவிட்டேன். முதலாளி எல்லார் எதிரிலும் அவரைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? கூடச் சேர்ந்து சிரித்தால் யாருக்கும் என்மேல் சந்தேகம் வராதென்று, அந்த மீமைச் செய்து, யாரோ அனுப்பினார்கள் என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்.

மறுநாள் அண்ணன் போனும் கையுமாக வந்தார். "ஏனுங் தம்பி, இதை மெதுவா ஓட்ட முடியுங்களா?" ஓட்டிக் காட்டினேன். பம்பில் கோளாறு தேடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒதைச்சவரு சரியாத்தானுங்க ஒதைச்சிருக்காரு. கீழ உக்காந்து பந்தைப் புடிச்சிருக்காரே, அவரு கையைப் பாருங்க. கடைசியில இழுத்துப்போட்டாரு." நிஜம்தான், அதுவரை நான் அந்தக் கையைக் கவனித்ததே இல்லை. "என்ர தலை நல்லாத்தான் பொருந்துது, போங்க" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். அந்த மாதமே வேலையை விட்டார். தெரிந்து சொன்னாரா, தெரியாமலா? இத்தனை வருடமும் பிடிபடவில்லை.

மீம் வந்த அன்றே அவருக்குப் போன் போட்டேன். கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் பம்பு மாட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, ஒண்ணு சொல்லோணும்."

"இருங்க கண்ணு, தண்ணி விழட்டும்."

காத்திருந்தேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சொல்லிவிட்டேன், தண்ணீர் ஊற்றாததையும் தலையை ஒட்டியதையும்.

"அந்தக் கையை அன்னைக்கே காமிச்சனுங்களே" என்றார்.

அப்படியானால் முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை? வேலையை விட்டது அதனால்தானா? கேட்பதற்குள், "ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா? வெச்சறட்டுங்களா?" என்று வைத்துவிட்டார்.

போனில் அந்த மீம் இன்னும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. உதைத்தவர் மறுபடி விழுந்தார். பந்து அந்தக் கையிலேயே இருந்தது.