முப்பத்தோராம் நாள் பேசியவன்

காத்தான்குடியில் றவூப்பைக் கண்டால் வாகனக்காரர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காப்புறுதிக் கம்பனிக்காக இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பது அவர் வேலை. ஒரு காலத்தில், வேண்டுமென்றே கொளுத்திய ஆட்டோவா, தானாகப் பற்றிய ஆட்டோவா என்று பார்ப்பதோடு அந்த வேலை முடிந்துவிடும். இப்போது நசுங்காத வான் வண்டியை நசுங்கியதாகக் காட்டும் படங்களும், ஆளே பேசாத குரல்களும் வந்து குவிகின்றன. எல்லாம் செயற்கை நுண்ணறிவின் கைவரிசை. போன நோன்பு மாதம் ஒரு புடவைக்கடைக் காசாளர், முதலாளியின் குரல் என்று நம்பி, கடைப் பணத்தை எவனுக்கோ அனுப்பிவிட்டுத் தலையில் கைவைத்தார். அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து, கட்டாரில் இருக்கும் தன் மகன் அழைத்தால்கூட றவூப்புக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டுகிறது. இதுவும் ஒரு பிழைப்பு.

செட்டிபாளையத்து மீனவன் நிதுர்ஷன் வாவியில் தோணி கவிழ்ந்து இறந்துபோனான். உடலைக் கண்டெடுத்தபோது முகம் பார்க்கும் நிலையில் இல்லை. பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். மனைவி மேனுகா ஆயுள் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பித்தாள். கொழும்பு அலுவலகம் பணத்தை நிறுத்திவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறான், போய் விசாரி என்று றவூப்புக்கு உத்தரவு வந்தது.

காரணம் ஒரு வீடியோ. முப்பத்தோராம் நாள் நினைவுக்காக, கனடாவில் இருக்கும் தம்பி தனோஜன் அண்ணனின் படத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, அவனைச் சிரிக்கவும் பேசவும் வைத்து முகநூலில் போட்டிருந்தான். அஞ்சலி போடும் எல்லாரும் எழுதுவதைத்தான் அவனும் எழுதினான்: “அண்ணா எங்களோடுதான் இருக்கிறார்.” நம்மவர்கள் அதைப் படித்தால் நெஞ்சு அடைத்துப்போகும். கொழும்பில் மொழிபெயர்த்துப் படித்தவர்களோ, ஒளிந்திருந்த கள்ளன் அகப்பட்டான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தம்பி விளக்கம் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலியைப் பிடிப்பதற்கென்றே பெரும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் அவர்களிடம் இருந்தது. பலர் கைமாறித் தேய்ந்த வீடியோவில் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது என்று அது கைவிரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த றவூப் உட்கார, மேனுகா கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் வாயைத் திறக்குமுன், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் ‘நானா’ என்று அழைத்து அவளே கேட்டாள்.

“நானா, அவர் உசிரோட இருக்காரெண்டு கம்பனியில சொல்றாங்களாம். மெய்யா?”

இத்தனை வருடங்களில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் பணம் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். இந்தப் பெண்ணின் கண்ணில் இருந்த ஆசையைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. கம்பனியின் மேல் கோபம் கோபமாக வந்தது.

“அதத்தான் பாக்க வந்தன் தங்கச்சி. இத ஒருக்காக் கேளுங்க. இதில அவர்ர பேச்சில்லாதது ஏதும் இருக்கா?”

வீடியோவில் நிதுர்ஷன் சிரித்தான். “மேனுகா, நான் நல்லா இருக்கன். அழாத.”

அவள் தன் போனை எடுத்து, கணவன் வாவியிலிருந்து அனுப்பிய பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். “புள்ள, சோத்த மூடி வை.” “புள்ள, மழை வரும், உடுப்ப எடு.” எல்லாமே புள்ள, புள்ளதான்.

“கலியாணம் முடிச்ச நாளிலேருந்து எண்ட பேர அவர் சொன்னதேயில்ல நானா. எனக்கு முதல் நாளே விளங்கிற்று. ஆனா பெட்டிய நாங்க திறக்கல்லத்தானே. படிச்ச ஆக்களே இருக்காரெண்டு சொன்னா, இருப்பாராக்கும் எண்டு நினைச்சன்.”

இது போதும், கம்பனி இனி மறுக்க முடியாது. ஆனால் விதிப்படி, மனைவியின் வாக்குமூலம் அவள் குரலிலேயே பதிவாக வேண்டும். அதைச் சொல்ல றவூப்புக்கு மனம் வரவில்லை. கேட்காமல் போனால் அவளுக்குப் பணம் வராது.

“தங்கச்சி, இது உங்கட புருசன் இல்ல, அவர் செத்துப்போனார் எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லணும்.”

இன்றுவரை அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. யார் கேட்டாலும், அவர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, றவூப் நீட்டிய போனை நெருங்கி உட்கார்ந்தாள்.

“இது அவர் இல்ல. அவர் செத்துப்போனார்.”

றவூப் தலை குனிந்திருந்தார். அவள் போனை எட்டிப் பார்த்தாள்.

“தெளிவாக் கேட்டிச்சா நானா? இன்னொருக்காச் சொல்லணுமா?”