மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்

என் மகன் கல்லூரி பேஸ்பால் அணியில் இடதுகையால் பந்தெறியும் பிட்சர். கோடை விடுமுறையில் இந்தப் பிள்ளைகள் வேறொரு லீகில் போய் ஆட வேண்டும். ஆடாவிட்டால் அடுத்த வருடம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அவனுடைய கோச் இரண்டு லீகுகளைச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தார். ஒன்று, எங்கள் ஊர் சுகர் லேண்டிலிருந்து இருபது நிமிடம், வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னொன்று டெக்சஸின் வடகோடியில், எட்டு மணி நேர டிரைவ். அங்கே ஆட வருகிற பையன்களை ஊர்க்காரர்களே இரண்டு மாதம் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள்.

"தூரமா இருந்தாலும் பெரிய லீக் பெரிய லீக்தான். ஆள் எடுக்கற ஸ்கவுட்லாம் வருவாங்க" என்றார் கணவர், எஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் சீட் எடுப்பதுபோல. பையன் தோளைக் குலுக்கினான். "ஐதர் இஸ் ஃபைன், மா." அவன் எனக்குத் தமிழில் பதில் சொல்லிப் பத்து வருடமாகிறது.

எனக்கு ஒரே கவலை. முட்டைகூடத் தொடாத பிள்ளை, அந்த மாட்டுப்பண்ணை ஊரில் என்னத்தைத் தின்பான்? அங்கே அவனை வைத்துக்கொள்ள முன்வந்த வீட்டு அம்மாளிடம் வீடியோ காலில் அதைத்தான் கேட்டேன். அறுபது வயதிருக்கும், பிள்ளைகள் இல்லை. தானும் கணவரும் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டோம் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி லீகை முடிவு செய்தவள் நான். பேஸ்பாலில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது!

பையனைப் பற்றி எழுதித் தரும்படி அவள் ஒரு ஃபார்ம் அனுப்பினாள். "ரெண்டு வரி போதும்டி" என்றார் கணவர். நானா விடுவேன்? மூன்று பக்கம் எழுதினேன். ரசத்துக்கு மிளகு எவ்வளவு, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பான், காலையில் எப்படி எழுப்பினால் எரிந்து விழமாட்டான், எல்லாம். எழுப்பும்போது சொல்கிற வார்த்தையை உங்கள் குரலில் பதிந்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அடடா, என்ன அக்கறை என்று பூரித்துப்போய் அதையும் அனுப்பினேன்.

ஜூனில் கொண்டுபோய் விட்டோம். அவனுக்கு ஒதுக்கிய அறையில் கட்டில் சன்னலோரம், நீலப் போர்வை, இடது கைப்பக்கம் தண்ணீர்ச் செம்பு. எங்கள் வீட்டு அறையைப் பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. "பாத்தியா, எவ்ளோ நல்லவங்க!" என்றார் கணவர். போர்வையின் நிறத்தை நான் எழுதியதாக நினைவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு காலை அவனைக் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். தூங்குகிறான், இருங்கள், எழுப்புகிறேன் என்று போனோடு மாடிக்குப் போனாள். படியேறும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். பிறகு என் குரல் கேட்டது.

"கண்ணா, எந்திரிடா. மணியாச்சு பாரு."

பதிவைத்தான் போடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் அனுப்பியது முதல் இரண்டு வார்த்தைதான். மணியாச்சு பாரு என்பதை நான் அனுப்பவே இல்லை.

"அஞ்சு நிமிஷம்மா" என்றான் என் பிள்ளை, தமிழில்.

போனை வைத்துவிட்டேன். உடனே போய்க் கூட்டி வந்துவிடலாம் என்றேன். "பைத்தியமா உனக்கு? சீசன் நடுவுல எவன் விடுவான்?" என்றார் கணவர். அவன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான் வேறு.

ஆகஸ்டில் வந்தான், மூன்றே நாள். உடம்பு தேறியிருந்தது, பேச்சில் அப்படி ஒரு மரியாதை. தட்டைக் கழுவி வைத்தான். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் என்னைக் கேட்டான். கல்லூரிக்குக் கிளம்புகிற காலையில் மேலே போய்ப் பார்த்தால், இந்த ஊரில் விருந்தாளிகள் கிளம்பும்போது செய்வதுபோல, போர்வையையும் விரிப்பையும் உருவி மடித்து, மெத்தை ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்து அவன் படுத்த கட்டில் அது.

வாசலில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை லேசாக அணைத்தான். "தேங்க்ஸ் ஃபார் ஹேவிங் மீ" என்றான்.